ஒரு வெள்ளிக்கு ஒரு பொய்

ஜூன் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்க இன்று மனம் வரவில்லை. பதவி உயர்வோடு பெரிய அலுவலகத்தில் போய் உட்கார்ந்தவனுக்கு என்ன குறை இருக்கப்போகிறது? குறையெல்லாம் இங்கே, உன் அக்கா வீட்டில்தான்.

வாலுவின் பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. எல்லாப் பாடத்திலும் நன்றாக எழுதியிருக்கிறாள், அறிவியலைத் தவிர. அறிவியல் வாத்தியாரின் மருமகள் அறிவியலில் கோட்டை விட்டிருக்கிறாள். பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்காது என்று பள்ளியில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். நான் விடவில்லை. தேர்வு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து விடைத்தாளின் நகலை வாங்கிவந்தேன். பெரிய கேள்விக்கு முட்டை போட்டிருக்கிறார்கள்.

கேள்வி இதுதான். ஒரு பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றி வைக்கிறோம், இன்னொன்றைத் திறந்து வைக்கிறோம். எது முதலில் உருகும், ஏன்? உன் மருமகள் எழுதியிருக்கிறாள்: "கம்பளி வெப்பம் தரும் பொருள். ஆகவே கம்பளியில் சுற்றியதே முதலில் உருகும்." படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஐஸ்காரர் கட்டியின் மேல் சாக்கைப் போட்டு மூடுவது உருக்கவா?

"ஏண்டி இப்படி எழுதினே?" என்று கேட்டேன். பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினாள். 'கம்பளி தானாக வெப்பம் தராது. வெப்பம் போகவர விடாமல் தடுக்கும்' என்ற வரியின் மேல் அடிக்கோல் வைத்து நேராகக் கோடு போட்டு அடித்திருக்கிறாள். "அச்சுப்பிழைன்னு மாமா அடிக்கச் சொன்னார்மா. வகுப்புல எல்லாரும் அடிச்சோம்" என்றாள்.

உன் வெள்ளிக்கிழமை விளையாட்டு எனக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு வெள்ளியும் பாடத்துக்கு நடுவில் நம்பும்படியாக ஒரு பொய்யைச் சொல்வாய். பிள்ளைகள் சனி, ஞாயிறில் சோதித்துப் பார்த்து, எது பொய், அது எப்படித் தெரியும் என்று திங்கட்கிழமை வந்து நிரூபிக்க வேண்டும். இந்த விளையாட்டால் என் சமையலறை பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. அப்போது உன்னைப் பாராட்டியவளும் நான்தான்.

ஒன்றே ஒன்று சொல். இது அந்தப் பொய்களில் ஒன்றா? ஆமென்றால் அந்தத் திங்கட்கிழமை எங்கே போயிற்று?

அக்கா


ஜூன் 9

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தொட்டதுமே கை சுட்டது. சின்ன வயதில் என் காதைத் திருகுவாயே, அந்தச் சூடு இன்னும் குறையவில்லை. அத்தானுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? கனமான பெட்டிகளைத் தூக்கவிடாதே.

ஆமாம் அக்கா, அது அந்த வெள்ளியின் பொய்தான். ஒளிப்பானேன்? உண்மையில் நான் சொன்ன பொய்களிலேயே அதுதான் உயர்ந்தது. பாடப்புத்தகத்தையே சந்தேகப்பட வைத்து, பிறகு நான் சொன்னதையும் சந்தேகப்பட வைத்து, கடைசியில் பனிக்கட்டியிடமே போய்க் கேட்க வைக்கும் பொய் அது. வியாழக்கிழமை மாலை மாற்றல் உத்தரவு வந்தது. வெள்ளி என் கடைசி வகுப்பு. சனிக்கிழமை ரயில் ஏறிவிட்டேன். ஊர் மாறும் அவசரத்தில் எனக்குப் பின் வந்த டீச்சரிடம் சொல்ல விட்டுப்போனது உண்மைதான். அதற்காக வருந்துகிறேன்.

ஆனால் நான் இல்லாவிட்டால் என்ன? குளிர்பெட்டியில் பனிக்கட்டி இருக்கிறது, வீட்டில் கம்பளி இருக்கிறது. எதையும் சோதிக்காமல் நம்பாதே என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். வாலு இந்த ஒரு முறை சோம்பல்பட்டுவிட்டாள். ஒரு கேள்வியில் வாழ்க்கை முடிந்துவிடாது என்று அவளிடம் சொல்.

இங்கே கல்வி இயக்குநருக்கு என் வெள்ளிக்கிழமை முறை மிகவும் பிடித்துப்போயிற்று. எல்லாப் பள்ளி ஆசிரியர்களுக்கும் அதைப் பயிற்சியாகக் கொடுக்க ஒரு கையேடு எழுதச் சொல்லியிருக்கிறார். தகுதிகாண் காலம் முடிந்து பணி நிரந்தரமானதும் அச்சுக்குப் போகும். உனக்குத்தான் முதல் பிரதி.

உன் பிரியமுள்ள தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

சோம்பலா? யார் சோம்பல்பட்டது? அந்தச் சொல்லைப் படித்தபோது நீ எதிரில் இருந்திருந்தால் காதோடு விட்டிருக்க மாட்டேன்.

உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "சோதிக்கலைன்னு மாமாவுக்கு யார் சொன்னது? நாங்க நாலு பேர் சனிக்கிழமை முழுக்க இங்கதானே இருந்தோம்!" என்றாள். எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. என் மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்த அறை வெப்பமானியை ஜன்னலின் இரும்புக் கம்பியிலும் மரக் கதவிலும் மாற்றி மாற்றிக் கட்டி, மேலே பஞ்சு வைத்துப் பொதிந்துகொண்டிருந்தார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எதற்கு என்று இப்போது கேள். அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் நீ இன்னொன்றும் சொல்லியிருக்கிறாய். ஒரே அறையில் கிடந்தாலும் இரும்பு நாற்காலி மர மேசையைவிடக் குளிர்ச்சியானது, வேண்டுமானால் தொட்டுப் பாருங்கள் என்று. தொட்டால் குளிரத்தான் செய்கிறது. ஆனாலும் பிள்ளைகள் தொட்டதை நம்பாமல் அளந்து பார்த்தார்கள். இரண்டிலும் ஒரே வெப்பம். இரும்பு நம் கைச்சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் குளிர்வதுபோல் தெரிகிறது என்று அவர்களாகவே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். திங்கட்கிழமை புது டீச்சரிடம் போய், "பொய்யைப் பிடிச்சிட்டோம்" என்று சொன்னார்கள். அவர் பாவம், எந்தப் பொய் என்றுகூடத் தெரியாமல் கைதட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

"அப்புறம் கம்பளியை ஏண்டி சோதிக்கலே?" என்றேன்.

"எதுக்கும்மா? ஒரு வெள்ளிக்கு ஒரே ஒரு பொய்தான்னு மாமாவே சொன்ன விதி. அதைக் கண்டுபிடிச்சாச்சு. அப்ப மிச்சமெல்லாம் உண்மைதானே?"

சொல்லடா, இதில் எங்கே சோம்பல்? எங்கே பிசகு? பிசகு உன் வாயில். கம்பளி நீ தெரிந்து சொன்ன பொய். நாற்காலி நீ தெரியாமல் சொன்ன தப்பு. உன் தப்பைப் பிள்ளைகள் பிடித்து, அதுதான் பொய் என்று நம்பிவிட்டார்கள். அதனாலேயே உன் பொய் அவர்களுக்கு உண்மையாகிவிட்டது. மருந்துக்கடையில் நான் ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, நோயாளி சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னால் சும்மா விடுவார்களா?

வகுப்புப் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து தேர்வு அலுவலகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். நீ உடனே அவர்களுக்கு எழுத வேண்டும். பொய் சொன்னதையும் எழுது, தப்புச் சொன்னதையும் எழுது. இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைகள் மேல் குற்றமில்லை என்பது விளங்கும். ஒன்றை மட்டும் எழுதினால் சோதிக்காத சோம்பேறிகள் என்றுதான் ஆகும்.

அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்கா,

என்ன அழகான தர்க்கம்! உன் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டிவிட்டேன். 'ஒன்றே பொய், அது கிடைத்துவிட்டது, ஆகவே மற்றவை உண்மை.' பதினைந்து வயதுப் பிள்ளைகள் இப்படி யோசிக்கிறார்கள் என்றால் என் உழைப்பு வீண்போகவில்லை. கையேட்டில் இதற்கென்று ஒரு பகுதியே எழுதலாம்.

ஆனால் நாற்காலி விஷயம் எனக்கு நினைவில்லை அக்கா. நான் அப்படிச் சொல்லியிருப்பேனா என்று நீயே யோசித்துப் பார். வெப்பப் பாடத்தை இத்தனை வருடம் நடத்தியவன். மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்க அரசாங்கம் பொறுக்கி எடுத்தவன். வேறெங்காவது கேட்டதை வகுப்பில் கேட்டதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்த வயதில் அது சகஜம்.

தேர்வு அலுவலகத்துக்கு என் கற்பித்தல் முறையைப் பற்றி விரிவாக எழுதிவிட்டேன். கம்பளி பற்றிச் சொன்னது வேண்டுமென்றே செய்ததுதான், அது ஒரு பயிற்சி என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் நேரிலும் வருவேன். இதற்குமேல் என்ன செய்ய முடியும்? என் நிலைமையையும் கொஞ்சம் பார். அடுத்த மாதம் பணி நிரந்தரக் கோப்பு மேசைக்கு வருகிறது.

வாலுவுக்கு முத்தங்கள்.

தம்பி


ஜூலை 12

தம்பி என்று எழுத இன்று கை கூசுகிறது. எழுதாமல் விடவும் முடியவில்லை.

விசாரணைக்கு வந்தாய். அக்கா வீடு இருக்க விடுதியில் தங்கினாய். சரி, அது உன் இஷ்டம். ஆனால் அந்த அறையில் நீ உட்கார்ந்திருந்த விதம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள், அவர்கள் வரிசையிலேயே உனக்கும் ஒரு நாற்காலி, முன்னால் தண்ணீர்க் குவளை. பிள்ளைகள் நான்கு பேரும் எதிரில் நின்றுகொண்டிருந்தார்கள். பெற்றோருக்குப் பின்சுவரோரம் ஒரு பெஞ்சு. மின்விசிறி கிறீச்சிட்டதால் பாதிப் பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை. இது மட்டும் நன்றாகக் கேட்டது.

"இரும்பு நாற்காலி குளிர்ச்சியா இருக்கும்னு நீங்க சொன்னீங்களா சார்?"

"எனக்கு நினைவில்லை. குழந்தைங்க எதையோ குழப்பிக்கிட்டிருக்காங்க. பாவம், அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

எவ்வளவு பெருந்தன்மை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு வைத்தவளை மன்னிக்கிறாய். வாலு வாயைத் திறந்தாள். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நேற்று முடிவு வந்தது. ஆசிரியரின் முறை பாராட்டத்தக்கதாம். மாணவர்கள் சரிபார்க்கத் தவறியதால் மதிப்பெண்ணில் மாற்றம் இல்லையாம். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். நீ விழவும் இல்லை, உன் மீசையில் மண்ணும் ஒட்டவில்லை. வாலுவை வணிகப் பிரிவில் சேர்த்துவிட்டேன்.

அது போகட்டும். மதிப்பெண்ணுக்காக இதை எழுதவில்லை. அந்த அறையிலிருந்து வந்த நாளாக அவள் சரியாக இல்லை. நான் ஏதாவது சொன்னால் கொஞ்ச நேரம் கழித்து வந்து, "இப்ப பால் வாங்கிட்டு வரச் சொன்னீங்களாம்மா, இல்ல நானா நினைச்சுக்கிட்டேனா?" என்கிறாள். ஜன்னல் கம்பியில் மறுபடியும் வெப்பமானியைக் கட்டுகிறாள். அதே அளவுதான் வருகிறது. நம்பாமல் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுகிறாள். "நான் சரியாத்தானேம்மா கேட்டேன்? மாமா அப்படிச் சொன்னார்தானே?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறாள் தெரியுமா? நான் அந்த வகுப்பில் இல்லை. என்னால் ஆமென்று சொல்ல முடியவில்லை. சொன்னாலும், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள். நீ சொல்லிக்கொடுத்த கேள்விதானே அது.

கண்ணால் பார்த்ததை நம்பு, காதால் கேட்டதைச் சரிபார் என்று ஆறாம் வகுப்பிலிருந்து அவளை வளர்த்தாய். இப்போது அவள் கண்ணையும் காதையும் ஒரே வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய். உன் வேலைக்கு ஆபத்து என்று பயந்தாய். சரி, நான் யாரிடமும் காட்ட மாட்டேன். அவளுக்கு மட்டும் ஒரு வரி எழுது. 'நீ கேட்டது சரி.' இவ்வளவுதான். கையெழுத்துக்கூட வேண்டாம்.

அக்கா


ஜூலை 31

தம்பிக்கு,

பதில் இல்லை. என் கோபம் உன்னைச் சுட்டிருக்கும். சண்டை போட எனக்கும் அலுத்துவிட்டது.

வாலு ஒன்று கேட்கச் சொன்னாள். அவள் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். நாற்காலியை விட்டுவிடு. உன் கடைசி வகுப்பான அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி உனக்கு என்னென்ன நினைவிருக்கிறது? யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், என்ன பேசினீர்கள், எப்படி முடிந்தது? நினைவிருப்பதை எல்லாம் எழுதுவாயாம்.

அத்தானுக்கு முதுகுவலி பரவாயில்லை.

அக்கா


ஆகஸ்ட் 6

என் அருமை அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்ததும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இரத்த பாசம் எங்கே போகும்? முதலில் நல்ல செய்தி. பணி நிரந்தரமாகிவிட்டது. கையேடு அச்சகத்துக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் ஒரு வாரம் விடுப்பில் வருகிறேன். இந்த முறை உன் வீட்டில்தான் தங்குவேன்.

அந்த வெள்ளிக்கிழமையையா மறப்பேன்? பெருமழை. கூரைத் தகட்டில் கொட்டிய சத்தத்தில் முதல் கொஞ்ச நேரம் கத்தித்தான் பாடம் நடத்தினேன். கடைசி பெஞ்சில் குண்டனுக்கு விக்கல், நிற்கவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். இரட்டையர் இருவரும் இடம் மாறி உட்கார்ந்து என்னை ஏமாற்றப் பார்த்தார்கள், நான் விடவில்லை. வாலு இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம். ஒரு பின்னலில் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது, அதைக்கூடக் கவனிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் மாற்றல் உத்தரவை மடித்து வைத்திருந்தேன். அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். 'அச்சுப்பிழை, அடியுங்கள்' என்றதும் அத்தனை அடிக்கோல்களும் ஒரே நேரத்தில் மேசையில் விழுந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. என் இரும்பு நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தேன். மழைக்கு அது சில்லென்று இருந்தது, கையைத் தேய்த்துக்கொண்டேன். பெண்பிள்ளைகள் இரண்டு பேர் தாங்களும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கூச்சலிட்டார்கள். பிறகு மணி அடித்தது. போய்வருகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. சொன்னால் அழுதுவிடுவேனோ என்று பயம்.

அந்த ஒரு வகுப்பின் ஒரு சொல்லைக்கூட நான் சாகும்வரை மறக்க மாட்டேன் அக்கா. நீங்கள் சொல்லும் அந்த ஒரு விஷயம்தான் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. என்னை நம்பு. வாலுவிடமும் சொல்.

உன் தம்பி


ஆகஸ்ட் 12

உன் கடிதம் கிடைத்தது.

நான் படிப்பதற்கு முன்பே வாலு வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு முறை முழுதாகப் படித்தாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு மறுபடி படித்தாள். அத்தான் ரேடியோவை அணைத்துவிட்டார். எனக்கு அடுப்பில் வேலை ஓடவில்லை.

போன மாதம் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னது பழைய நாளை நினைத்துப் பார்க்கும் ஆசையில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமாவுக்கு ஞாபகம் மோசமா இருந்தா எல்லாமே மறந்திருக்கணும்மா. பாதி மறந்திருந்தாலும் சரி, என் காதுதான் தப்புன்னு நான் ஒத்துக்கிட்டிருப்பேன். அதைத் தெரிஞ்சுக்கத்தான் கேட்கச் சொன்னேன். பாருங்க, குண்டன் விக்கல்கூட ஞாபகம் இருக்கு. என் ரிப்பன் ஞாபகம் இருக்கு. நாற்காலியைப் பிடிச்சது, சில்லுன்னு இருந்தது, நாங்க போய்த் தொட்டது எல்லாம் ஞாபகம் இருக்கு. எதுக்குத் தொட்டோம்ங்கிறது மட்டும் இல்ல." பென்சிலை மேசையில் வைத்தாள். "நான் சரியாத்தான்மா கேட்டிருக்கேன்" என்றாள்.

இந்த முறை கேள்வியாகக் கேட்கவில்லை. எழுந்து போய் ஜன்னல் கம்பியிலிருந்து வெப்பமானியை அவிழ்த்து என் கையில் கொடுத்து, கடையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். இரண்டு தட்டு நிறையச் சாப்பிட்டாள். நான்தான் அழுதேன். சந்தோஷம் பாதி, உன்மேல் வந்த ஆத்திரம் பாதி. எங்கள் கையில் கொடுத்திருக்க வேண்டிய ஒரு வரியை ஒளித்து வைத்தாய். அந்தப் பெண் அதை உன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டாள்.

வரும் ஆண்டு அறிவியல் தேர்வை மட்டும் தனியாக மறுபடி எழுதப்போகிறாள். புது டீச்சர் மாலையில் வந்து சொல்லித்தருவதாகச் சொல்லியிருக்கிறார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார், வாலுவுக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். விடுதியிலேயே தங்கு, இல்லை, வராமலே இரு. உனக்கு என்ன எழுதட்டும், ஏதாவது கேட்க வேண்டுமா என்று வாலுவிடம் கேட்டேன். முன்பெல்லாம் உன்னிடம் எதையாவது கேட்காமல் அவள் ஒரு கடிதத்தையும் முடிக்கவிட்டதில்லை, உனக்கே தெரியும்.

"வேணாம்மா. இனிமே மாமா எது சொன்னாலும் நாம திரும்பச் சோதிச்சுத்தான் பார்க்கணும். அப்புறம் எதுக்கு அவர்கிட்ட கேட்கணும்?" என்றாள்.

வாலுவின் அம்மா